நேபாள மலைக் கிராமத்துத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ ஆறு வாரம் போகலாமா?

கேள்வி இதுதான். நீங்கள் திருச்சியில் நர்ஸ், தங்கை நர்சரிப் பள்ளி ஆசிரியை. இருவருக்கும் ஆறு வாரம் விடுப்பு கிடைக்கும். நேபாள மலைப் பகுதியில் ஏழைத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. ஒரு ஏஜென்சி வாரக் கட்டணம் சொல்லி, காலையில் குழந்தைகள் இல்லத்தில் வேலை, மதியம் தாய்மார்களுக்கு வகுப்பு, சனிக்கிழமை சுற்றுலா என்று அட்டவணை அனுப்பியிருக்கிறது. நம்பிப் போகலாமா, போனால் என்ன செய்யலாம்?

நேபாளத்துக்குப் போங்கள். அந்த ஏஜென்சி வழியாகப் போகாதீர்கள். தாய்சேய் ஊட்டச்சத்துத் திட்டங்களில் பல காலம் வேலை பார்த்தவன் நான், அதில் சில ஆண்டுகள் நேபாள மலைகளில். அந்த அனுபவத்தில் சொல்வது இது: அங்கே தாயையும் பிள்ளையையும் காப்பாற்றும் வேலையை அந்த ஊர்ப் பெண்களே செய்துகொண்டிருக்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள். வெளியிலிருந்து போகிறவர் அவர்களுக்குப் பின்னால் நின்றால் உதவி. அவர்களைத் தாண்டி நேரே குழந்தையைத் தூக்கிக் கொஞ்சப் போனால் பெரும்பாலும் தொந்தரவு, சில நேரம் கேடு.

முதலில் அந்த இல்லத்தின் கதை. 1996 முதல் 2006 வரை நேபாளத்தில் மாவோயிஸ்டுகளுக்கும் அரசுக்கும் உள்நாட்டுப் போர். ஹும்லா, டோல்பா, ஜும்லா மாதிரியான தொலைதூர மலை மாவட்டங்களில் பிள்ளைகளைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம், ஊரில் நல்ல பள்ளிக்கூடம் இல்லாத ஏக்கம் இன்னொரு பக்கம். அப்போது தரகர்கள் மலையேறிப் போய், "காத்மாண்டுவில் படிக்க வைக்கிறோம்" என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டி வந்தார்கள். நிலத்தை விற்றுத் தரகருக்குப் பணம் கொடுத்த பெற்றோர்கள் உண்டு. கீழே வந்ததும் பொய்ப் பத்திரங்களில் அந்தப் பிள்ளைகள் அநாதைகளானார்கள். போர் முடிந்தது, வியாபாரம் முடியவில்லை. ஏனென்றால் அதற்குள் வாடிக்கையாளர்கள் கிடைத்துவிட்டார்கள்: அன்பு காட்ட வரும் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள், அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அனுப்பும் நன்கொடைகள்.

நேபாளத்தின் குழந்தைகள் இல்லங்களில் இருப்பவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் தாயோ தந்தையோ உயிரோடு உள்ளவர்கள். இல்லங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஏழ்மை மிகுந்த மேற்குக் கர்ணாலி மாகாணத்தில் அல்ல. காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், போக்ரா உள்ள காஸ்கி, சித்வன் என்று சுற்றுலாப் பயணிகள் புழங்கும் மாவட்டங்களில்தான் மிகப் பெரும்பாலானவை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். எல்லா இல்லமும் மோசடி என்று நான் சொல்லவில்லை, நேர்மையாக நடத்துபவர்களும் உண்டு. ஆனால் நேர்மையான இல்லம், வாரா வாரம் புதிதாக வருபவர்களைக் குழந்தைகளின் படுக்கையறை வரை அனுமதிக்காது. ஆறு வாரம் ஒட்டிக்கொண்டு அப்புறம் காணாமல் போகும் அக்காக்கள் வருடத்துக்கு எட்டு ஜோடி என்றால் அந்தக் குழந்தையின் மனம் என்ன ஆகும்? இதை உங்கள் தங்கைக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நேபாளத்தின் 2018 குழந்தைகள் சட்டமும் இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது.

வெளிநாட்டார் பணமும் அக்கறையும் சரியான பக்கம் போனதற்கும் அதே நாட்டில் உதாரணம் இருக்கிறது. கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராக வேலை பார்த்த ஓல்கா மரே என்ற அமெரிக்கப் பெண்மணி 1984-இல் முதன்முதலாக நேபாளம் வந்தார். பிறகு நேபாள் யூத் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினார். 1998-இல் அந்த அமைப்பு காத்மாண்டுவில் ஊட்டச்சத்து மறுவாழ்வு இல்லம் ஒன்றை ஏற்படுத்தியது. கடுமையாக மெலிந்த குழந்தையை அங்கே சேர்த்தால் தாயும் கூடவே தங்க வேண்டும். ஏறக்குறைய ஒரு மாதம். குழந்தை தேறும்போதே, ஊரில் கிடைக்கும் தானியத்தையும் பருப்பையும் கீரையையும் வைத்து எப்படிச் சமைத்து ஊட்டுவது என்று தாய் அடுப்படியில் நின்று கற்றுக்கொள்வார். இருவரும் சேர்ந்தே வீடு திரும்புவார்கள். பின்னர் இது நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவி, அரசின் கைக்கு மாறத் தொடங்கியது. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க ஒரு ரூபாய், பிள்ளையோடு தாயையும் தேற்ற ஒரு ரூபாய். இரண்டும் கொடுப்பவரின் கணக்குப் புத்தகத்தில் 'குழந்தை நலன்' என்ற ஒரே தலைப்பில்தான் எழுதப்படும். எந்த அமைப்பைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான்: படத்தில் தாய் இருக்கிறாரா?

இனி, அந்த ஊர்ப் பெண்கள் யார் என்று சொல்கிறேன். 1988-இல் நேபாள அரசு பெண் சமூக சுகாதாரத் தன்னார்வலர் திட்டத்தைத் தொடங்கியது. இன்று ஏறக்குறைய 50,000 பேர் இருக்கிறார்கள். ஊரின் தாய்மார் குழுதான் அவரைத் தேர்ந்தெடுக்கும். தோளில் ஒரு பை. அதற்குள் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் தடவும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினிக் களிம்பு, மெலிந்த குழந்தையைக் கண்டறிய மேல்கைச் சுற்றளவு பார்க்கும் நாடா. ஆண்டுக்கு இரண்டு முறை, சித்திரை, ஐப்பசி வாக்கில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டும், ஒரு வயது தாண்டியவர்களுக்குப் பூச்சி மாத்திரையும் கொடுப்பவர் இவர்தான். வைட்டமின் ஏ திட்டம் 1993-இல் தொடங்கியது. மலையின் எந்த மடிப்பில் எத்தனை கைக்குழந்தை இருக்கிறது என்பது இவருக்கு மனப்பாடம்.

1996 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 539 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 151. வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2001-இல் 57 சதவீதம், 2022-இல் 25. காரணங்கள் பல: சாலை வந்தது, பெண்கள் படித்தார்கள், குழந்தை பெறுவது குறைந்தது, வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆண்கள் பணம் அனுப்பினார்கள். மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொண்டால் அரசே தாயின் கையில் பயணப் பணம் கொடுக்கிறது. 2005-இல் இது தொடங்கியபோது சமவெளியில் 500 ரூபாய், நடுமலையில் 1,000, உயர்மலையில் 1,500. ஏறுவதற்குத் தக்க காசு. பின்னால் இரட்டிப்பாக்கினார்கள். இத்தனைக்கும் நடுவே, "கிளம்பு, இது எட்டாம் மாசம், இனி தள்ளிப் போடாதே" என்று வீட்டு வாசலில் வந்து சொன்னவர் அந்தப் பைக்காரப் பெண்தான்.

அவருக்குச் சம்பளம் கிடையாது. உடைக்கும் போக்குவரத்துக்கும் கொஞ்சம் படி உண்டு, அவ்வளவே. ஊதியம் கேட்டு அவர்கள் பல காலமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். தன்னார்வலர் என்ற பெயருக்கு அவர் காசு வாங்காமல் உழைக்கிறார், அதே பெயருக்கு நீங்கள் ஏஜென்சிக்குக் காசு கட்டப் போகிறீர்கள்! நடுவில் யார் பிழைக்கிறார்கள் என்று யோசியுங்கள்.

தாய்மார் குழு என்று சொன்னேனே, அதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். காத்மாண்டுவுக்குத் தெற்கே மக்வான்பூர் மாவட்டத்தில் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது, முடிவுகள் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. அதில் டாக்டரோ நர்ஸோ வகுப்பெடுக்கவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒரு முறை ஊர்ப் பெண்களைக் கூட்டி உட்கார வைப்பார். நம் ஊரில் பிள்ளை பெறும்போது என்னென்ன சிக்கல் வருகிறது, அதில் எதை நாம் முதலில் சரி செய்யலாம் என்று அவர்களே பேசி முடிவெடுப்பார்கள். ஒரு குழு அவசரத்துக்கு நிதி சேர்த்தது. இன்னொன்று கர்ப்பிணியைச் சாலை வரை தூக்கி வர ஸ்ட்ரெச்சர் ஏற்பாடு செய்தது. இன்னொன்று சுத்தமான பிரசவப் பொட்டலங்களைத் தயாரித்து விநியோகித்தது. இந்தக் குழுக்கள் இருந்த ஊர்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 26, இல்லாத ஊர்களில் 37. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? பொலிவியாவின் ஆண்டிஸ் மலையில், இன்கிசிவி என்ற ஏழை மாகாணத்தில், 1990-களில் நடந்த 'வார்மி' திட்டத்திலிருந்து. மலையிலிருந்து மலைக்குப் போனது, அப்புறம் ஏக்ஜுட் என்ற அமைப்பின் மூலம் ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிக் கிராமங்களுக்கு இறங்கி, அங்கேயும் பச்சிளம் குழந்தைகளின் இறப்பைக் குறைத்தது. ஏஜென்சியின் அட்டவணையில் 'தாய்மார்களுக்கு வகுப்பு' என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் இதுதான். வகுப்பு யாருக்கு யார் எடுப்பது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் நர்ஸுக்கு. நேபாளத்தில் நோயாளியைத் தொட்டு வேலை செய்ய நேபாள நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும், டாக்டர் என்றால் மெடிக்கல் கவுன்சிலில். தமிழ்நாட்டுப் பதிவு அங்கே செல்லாது. எந்தக் காகிதமும் இல்லாமல் முதல் நாளே ஊசி போடச் சொல்லும் முகாம் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். திருச்சிக்கு வந்த வெளிநாட்டு மாணவி ஒருவர் உங்கள் வார்டில் பயிற்சி இல்லாமல் பிரசவம் பார்த்தால் நீங்கள் விடுவீர்களா?

பதிவு இல்லாமலும் செய்யக்கூடியது உண்டு. ஒரு உள்ளூர் அமைப்போ ஊராட்சியின் சுகாதார நிலையமோ அழைத்தால், அங்குள்ள நர்ஸின் கூடவே இருந்து, பதிவேடுகளைச் சீராக்கவும் மருந்து இருப்பைக் கணக்கிடவும் புத்தாக்கப் பயிற்சிக்குப் பாடம் தயாரிக்கவும் உதவலாம். உதாரணத்துக்கு மேல்கை நாடா: 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. எளிய வேலைதான். ஆனால் குளிர்காலத்தில் நான்கு சட்டை போட்ட குழந்தையின் கையில் அளந்துவிட்டுப் பச்சை என்று எழுதுவது சகஜம். சட்டையைக் கழற்றி, இடது கையின் நடுப்பகுதியில், இறுக்காமல் அளக்கிறார்களா என்று கூட நின்று பார்ப்பது உங்களைப் போன்ற அனுபவசாலிக்கு ஏற்ற வேலை. பத்து ஊரின் சுகாதாரத் தன்னார்வப் பெண்கள் சரியாக அளந்தால் நீங்கள் திரும்பிய பிறகும் அது நடக்கும்.

தங்கைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஊருக்கு ஊர் 'பால் விகாஸ் கேந்திரா' என்ற மழலையர் மையங்கள் உள்ளன, பெரும்பாலும் அரசுப் பள்ளி வளாகத்திலேயே. அதை நடத்தும் பெண்ணுக்குக் குறைந்த ஊதியம், குறைந்த பயிற்சி, ஒரே அறையில் வயது வித்தியாசமான பிள்ளைகள். வகுப்பைத் தங்கை கையில் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆசிரியையின் பக்கத்தில் உட்கார்ந்து, சோளத் தட்டை, கூழாங்கல், பழைய துணி என்று அங்கே கிடைப்பதை வைத்து விளையாட்டுப் பொருள் செய்யட்டும். பாட்டு அவர்கள் பாட்டாகவே இருக்கட்டும். ஆங்கில ரைம்ஸ் கற்றுக்கொடுக்கச் சொல்லி அங்குள்ள பெற்றோரே கேட்பார்கள், அந்த வலையில் விழ வேண்டாம். தாமங், மகர், ராய் என்று வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு நேபாளியே இரண்டாவது மொழி. மூன்று வயதில் மூன்றாவது எதற்கு?

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு தமிழருக்கு அங்கே ஆச்சரியம் காத்திருக்கிறது. குழந்தைகளுக்கு அரசு பரிந்துரைக்கும் 'சர்வோத்தம் பிட்டோ' நம் சத்துமாவின் உடன்பிறப்பு. இரண்டு பங்கு பயறு, பெரும்பாலும் சோயா அல்லது கொண்டைக்கடலை. ஒரு பங்கு மக்காச்சோளம், ஒரு பங்கு கோதுமை அல்லது வேறு தானியம். தனித்தனியே வறுத்து அரைத்துக் கஞ்சி காய்ச்சினால் அதற்குப் பெயர் லிட்டோ. மலைகளில் கேழ்வரகும் விளைகிறது, நம்மைப் போலவே களி கிண்டுவார்கள். அதனால் "எங்கள் ஊர்ச் சத்துமாவு" என்று இங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டாம். பால் பவுடர் டின் வேண்டவே வேண்டாம். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்பவற்றைக் கட்டுப்படுத்த 1992-லேயே நேபாளம் சட்டம் போட்டுவிட்டது, சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் புட்டிப்பால் என்பது வயிற்றுப்போக்கை அழைத்து வருவது. சாக்லேட், பிஸ்கட்டும் அப்படியே. வெளிநாட்டுப் பணம் வரும் வீடுகளில் பாக்கெட் நூடுல்ஸ் ஏற்கெனவே குழந்தையின் சோற்றுக்கு இடமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது, நீங்களும் சேர வேண்டாம்.

இன்னொன்று கவனியுங்கள். லிட்டோ எப்படிச் செய்வதென்று அந்தத் தாய்க்குத் தெரியும். நேரம் இல்லை. கணவர் கத்தாரிலோ கோலாலம்பூரிலோ டெல்லியிலோ இருப்பார். தண்ணீர், விறகு, மாட்டுக்குப் புல், வயல் எல்லாம் இவர் தலையில், நெற்றிப் பட்டையில் தொங்கும் கூடையோடு. வீட்டு முடிவுகள் மாமியார் கையில். ஊட்டச்சத்தைப் பற்றித் தாயிடம் மட்டும் பேசும் திட்டங்கள் தோற்றதற்கு இது ஒரு காரணம். மாமியாரையும் பாயில் உட்கார வைத்துப் பேசிய குழுக்களில்தான் முட்டை குழந்தையின் தட்டுக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மேற்கே, சுதூர்பஷ்சிம், கர்ணாலி பக்கம் போனால் சௌபடி வழக்கத்தைப் பார்க்க நேரும். மாதவிடாயின்போதும் பிரசவத்துக்குப் பிறகும் பெண்ணை வீட்டுக்கு வெளியே குடிசையில் தங்க வைப்பது. உச்ச நீதிமன்றம் 2005-இல் தடை செய்தது. 2017-இல் நிறைவேறிய சட்டம் அதைக் குற்றமாக்கியது: மூன்று மாதச் சிறை அல்லது 3,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அதன் பிறகு குடிசைகளை இடிக்கும் இயக்கமும் நடந்தது. இடித்த இடத்தில் நம்பிக்கை மாறாததால் சில பெண்கள் அதைவிட மோசமான இடங்களில் படுத்தார்கள். உங்களுக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் ஆறு வார விருந்தாளியின் கோபத்தால் அங்கே ஒன்றும் நகராது. அதே ஊர்ப் பெண்கள் அதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் கேட்டால் மட்டும் பேசுங்கள். நம் ஊரிலும் தீட்டு பார்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன என்று சொல்லுங்கள், பேச்சு இயல்பாக வரும்.

சட்டம், பயணம் பற்றிக் கொஞ்சம். இந்தியர்களுக்கு நேபாளத்தில் விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை வேண்டும், உங்கள் வயதில் ஆதார் போதாது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் இதைப் படித்தால் கவனம்: சுற்றுலா விசாவில் வந்து, சம்பளம் இல்லாவிட்டாலும் வேலை செய்வது அங்கே சட்ட விரோதம். ஏஜென்சிகள் இதைச் சொல்வதில்லை. வெளிநாட்டுத் தன்னார்வலர்களை முறைப்படி எடுக்கும் அமைப்பு நேபாளத்தின் சமூக நலக் கவுன்சிலில் பதிவாகி இருக்கும், அந்தப் பதிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கூடவே இன்னும் சில கேள்விகள். தன்னார்வலர் வேண்டும் என்று கேட்டது ஊரா, நீங்களா? நாங்கள் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள்? கட்டணத்தில் தங்கும் வீட்டுக்கு எவ்வளவு போகிறது? எங்களிடம் போலீஸ் சான்றிதழ் கேட்பீர்களா? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் வேண்டாம் மேடம்" என்று பதில் வந்தால் அந்தக் கதவை அங்கேயே மூடிவிடுங்கள். குழந்தைகள் அருகில் யாரை விடுகிறோம் என்று சரிபார்க்காதவர்கள் உங்களுக்கு முன்னால் யாரையெல்லாம் விட்டிருப்பார்கள்? குழந்தைகளின் முகத்தைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடத் தூண்டும் அமைப்பும் வேண்டாம்.

ஆறு வாரத்தில் முதல் வாரத்தைக் காத்மாண்டுவில் நேபாளி படிக்கச் செலவிடுங்கள். கொஞ்சம் ஹிந்தி தெரிந்தால் சீக்கிரம் பிடிபடும். மூத்தவரைத் தீதி, இளையவரை பஹினி, வயதானவரை ஆமா என்று கூப்பிட்டாலே பாதி வேலை முடிந்தது. எச்சில் பார்ப்பார்கள், சில வீடுகளில் அடுப்படிக்குள் அழைக்காமல் போகக் கூடாது. இதெல்லாம் நமக்குப் புதிதல்ல.

காலம் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு, அட்டைக்கடி. ஜூன், ஜூலையில் நடவு என்பதால் எந்தத் தாயும் கூட்டத்துக்கு வர மாட்டார். அக்டோபர் வாக்கில் தசைன், திஹார் பண்டிகைகள், எல்லாம் மூடிவிடும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல நேரம், வயலில் வேலை குறைவு, பள்ளி ஆண்டு முடிகிற சமயம் என்பதால் மழலையர் மைய ஆசிரியைகளுக்கும் பயிற்சி வைக்கலாம். ஏதாவது அமைப்பு, "இந்த வருடம் வேண்டாம், நர்சிங் கவுன்சில் பதிவு முடித்து அடுத்த வருடம் ஆறு மாதத்துக்கு வாருங்கள்" என்று எழுதினால், அவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். போலீஸ் சான்றிதழ் வாங்க நாளாகும், எந்த முடிவுக்கும் முன்னால் அதற்கு விண்ணப்பித்து விடுங்கள்.